எந்த ‘ஈவில் டெட்’டை முதலில் பார்ப்பது? பழைய படமா, ரீபூட்டா, அபார்ட்மென்ட் பேயா?

‘ஈவில் டெட்’ பேய்ப்படம் பார்க்கலாம் என்று முடிவெடுத்தவுடனே அடுத்த கேள்வி வந்து நிற்கும். எந்த ‘ஈவில் டெட்’? 1981-இல் சாம் ரெய்மி எடுத்த முதல் படம் ஒன்று. அதையே ரீபூட் செய்து, அதாவது புது ஆட்களோடு முதலிலிருந்து தொடங்கி, ஃபெடே ஆல்வரெஸ் 2013-இல் எடுத்தது இன்னொன்று. காட்டை விட்டுவிட்டு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் பேயைக் கொண்டுவந்த லீ க்ரோனினின் ‘ஈவில் டெட் ரைஸ்’ 2023-இல் வந்தது. மூன்றுமே ஒன்றரை மணி நேரப் படங்கள்தாம். ஆனால் ஒரே ராத்திரியில் மூன்றையும் பார்த்தால் சரிப்படாது. இரண்டாவது படம் முடிவதற்குள் ரத்தம் சலித்துப்போய், மூன்றாவதற்குப் பயப்பட ஆள் இருக்காது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் படத்தின் மேல் உயிரையே வைத்திருக்கும் ரசிகன் நான். அதே சமயம் ரீபூட் என்றாலே வசைபாடும் கூட்டத்தோடு சேராதவன்.

தமிழ்நாட்டில் அந்த முதல் படத்துக்கு இருந்த பேர் தனி. தியேட்டரில் தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தால் பரிசு என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றியது. பார்க்கும்போதே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார் என்று இன்னொரு கதை. எந்தத் தியேட்டர், யார் கொடுத்த பரிசு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சென்னையில் வீடியோ டெக்கையும் கேசட்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவந்து விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. பெரியவர்களுக்காக முதலில் ஒரு சிவாஜி படம், அப்புறம் எல்லோருக்கும் ஒரு ரஜினி படம், பாட்டியும் அம்மாவும் தூங்கப்போன பிறகு இது. பெரம்பூரில் நானும் அப்படித்தான் பார்த்தேன். காப்பிக்கு மேல் காப்பி எடுத்த கேசட். படத்தில் பாதி இருட்டு, மீதி கோடு. எது மரம், எது ஆள் என்று தெரியாமல் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பயந்துபோய் உற்றுப் பார்ப்பவனை மேலும் பயமுறுத்துவது சுலபம். பின்னால் நல்ல பிரின்ட்டில் பார்த்தபோதும் படம் ஓர் இம்மிகூட வலுக்குறையவில்லை.

காரணம் இருக்கிறது. ரெய்மி அப்போதுதான் இருபது வயதைத் தொட்டிருந்தார். மிச்சிகனைச் சேர்ந்த அவரும் நண்பர்கள் ராபர்ட் டாபர்ட்டும் ப்ரூஸ் கேம்பெல்லும் 1978-இல் ஒரு குறும்படம் எடுத்து, அதை டாக்டர்களிடமும் வியாபாரிகளிடமும் போட்டுக் காட்டிப் பணம் திரட்டினார்கள். குறும்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயாரிப்பாளரைத் தேடி அலைவது நம் கோடம்பாக்கத்துக்கும் நன்றாகத் தெரிந்த வழிதான். 1979 குளிர்காலத்தில் டென்னஸி மாநிலத்தின் மோரிஸ்டவுன் பக்கம் ஒரு பாழடைந்த மரவீட்டில் படப்பிடிப்பு. காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வீட்டை நோக்கிப் பாய்ந்து வருமே, அந்த ஷாட்டுக்கு ட்ராலி கிடையாது, கேமராவைக் குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேம் கிடையாது. ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். தரையை ஒட்டி, குலுங்கிக் குலுங்கி, அடிமரங்களுக்கு நடுவே புகுந்து அது வருகிறது. அதன் உருவத்தைப் படம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. அதற்குப் பசி இருக்கிறது என்பது மட்டும் நமக்குப் புரிந்துவிடுகிறது.

அப்புறம் அந்தச் சீட்டுக்கட்டுக் காட்சி. விடுமுறைக்கு அந்த வீட்டுக்கு வந்த ஐந்து பேரில் ப்ரூஸ் கேம்பெல் நடித்த ஆஷ்தான் நாயகன். ஆஷின் காதலி லிண்டாவும் தோழி ஷெல்லியும் சீட்டை மூடி வைத்துக்கொண்டு, என்ன சீட்டு என்று ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடுகிறார்கள். ஆஷின் சகோதரி செரில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சீட்டு தெரிய வழியே இல்லை. திடீரென்று அவள் ஒவ்வொரு சீட்டாகச் சரியாகச் சொல்ல ஆரம்பிக்கிறாள். முதலில் மெதுவாக. அப்புறம் வேகமாக. குரல் ஏறிக்கொண்டே போகிறது. அவள் திரும்பும்போது கண்ணில் கருவிழி இல்லை. இதற்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு சீட்டுக்கட்டு, ஒரு ஜோடி வெள்ளை லென்ஸ், ஒரு நடிகையின் முதுகு. பட்ஜெட் பெரிதாக இருந்திருந்தால் இந்தக் காட்சியை யோசித்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் உடல்கள் அழுகிக் கரையும் இடம், பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் படமெடுக்கும் ஸ்டாப்-மோஷன். இன்றைய கண்ணுக்குக் களிமண் பொம்மை என்று தெரியும். நடிப்பு சில இடங்களில் கல்லூரி நாடகம். இவை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உறுத்துவது ஒன்றுதான். காட்டில் மரக்கிளைகளும் கொடிகளும் செரிலைத் தாக்கும் காட்சி பாலியல் வன்முறையாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. அது தேவையில்லாமல் கொடூரமாகிவிட்டது என்று ரெய்மியே பின்னாளில் வருந்தியிருக்கிறார். 2013 படமும் அதே காட்சியைத் திரும்ப எடுத்திருக்கிறது. யாரோடு சேர்ந்து பார்க்கிறீர்களோ அவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் உட்காரவைப்பது நியாயமில்லை.

இனி ரீபூட்டுக்கு வருகிறேன். ஆஷ் இல்லை என்ற செய்தி வந்ததுமே ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். ப்ரூஸ் கேம்பெல்லின் அந்தத் தாடையும் அந்த அலறலும் இல்லாமல் என்ன ‘ஈவில் டெட்’? ஆனால் 2013 படத்தைத் தயாரித்தவர்களே ரெய்மி, டாபர்ட், கேம்பெல் மூன்று பேரும்தான். உருகுவே நாட்டுக்காரரான ஆல்வரெஸ், மான்டிவிடியோ நகரை ரோபோக்கள் தாக்குவதாக ஒரு குறும்படம் எடுத்து யூடியூபில் போட்டு, அதன் வழியாக ஹாலிவுட்டுக்கு வந்தவர். ஆஷுக்கு ஒரு நகலைத் தேடி அவர் நேரத்தை வீணாக்கவில்லை. பேய்ப்படம் பார்க்கும்போது நாம் எல்லோரும் கத்தும் கேள்வி ஒன்று உண்டே, “வண்டிய எடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?” என்று. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினார்.

முதல் படத்தில் பதில் சாதாரணம்: பாலம் உடைந்துவிட்டது. 2013-இல் மியா என்ற பெண் ஹெராயினை விடுவதற்காகவே அந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் டேவிட்டும் மூன்று பேரும் துணைக்கு வந்திருக்கிறார்கள். இதற்கு முன்பு ஒருமுறை விட முயன்று பாதியில் ஓடிப்போனவள் அவள். இந்தத் தடவை என்ன கெஞ்சினாலும் விடக் கூடாது என்று மற்றவர்கள் பேசி வைத்துக்கொள்கிறார்கள். “காட்டுல ஏதோ இருக்கு, என்னை இங்கேயிருந்து கூட்டிட்டுப் போயிடுங்க” என்று அவள் அழும்போது, மருந்து கிடைக்காத உடம்பு பேசுகிறது என்றே நினைக்கிறார்கள். வீட்டில் ஒருவர் குடியையோ போதையையோ விடப் போராடுவதைக் கூடவே இருந்து பார்த்த குடும்பங்களுக்கு இந்த இடம் எங்கே குத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்பினால்தான் கதவைச் சாத்துகிறார்கள். அவள் சொல்வது உண்மை. நம்பாதவர்களும் கெட்டவர்கள் இல்லை. முதல் படத்தில் இல்லாத ஒரு துக்கம் இது, ரீபூட் தானாகச் சம்பாதித்தது. ஜேன் லெவி மியாவாக நடித்திருக்கும் விதத்துக்காகவே இந்தப் படத்தை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனாலும் ரசிகனுக்கு மனம் ஆறாத இடங்கள் இருக்கின்றன. ரெய்மியின் படத்தில் ஒரு விளையாட்டுத்தனம் இருக்கும். பேய் மனிதர்களைப் பயமுறுத்துவதோடு நிற்காது; கேலி செய்யும், ஒளிந்து விளையாடும், பாடும். கேமராவே குறும்புக்காரச் சிறுவன்போலத் தலைகீழாகத் தொங்கும். ஆல்வரெஸின் படம் சிரிக்கவே சிரிக்காது. கட்டர், ஆணி அடிக்கும் மெஷின், மின்சாரக் கத்தி என்று ஆயுதம் மாறுகிறது, அறுபடும் உறுப்பு மாறுகிறது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸைக் கூடியவரை ஒதுக்கி, மேக்கப்பிலும் பொம்மை உறுப்புகளிலுமே எடுத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் மூன்றாவது தடவை தோல் கிழியும்போது உடம்பு கூசுகிறதே தவிர நெஞ்சு பதறுவதில்லை. எரிக் என்ற பாத்திரம், பேயை எழுப்பும் மந்திரம் உள்ள, முள்கம்பி சுற்றிய புத்தகத்தைப் பிரிப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. படிக்காதே என்று உள்ளேயே கிறுக்கி வைத்திருக்கிறது. படித்த வாத்தியார் ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்கிறார். 1981-இல் மந்திரம் டேப் ரெக்கார்டரிலிருந்து வரும். பொத்தானை அழுத்தியவனுக்கு என்ன வரும் என்று தெரியாது. அந்த அறியாமைதான் நமக்கு அவர்கள்மேல் இரக்கத்தைக் கொடுத்தது.

‘ஒரிஜினலைத் தொடவே கூடாது’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வரிசையில் முதல் ரீபூட்டைச் செய்தவரே ரெய்மிதான். 1987-இல் இரண்டாம் பாகம் எடுத்தபோது முதல் படத்தின் காட்சிகளைப் பயன்படுத்த உரிமை கிடைக்கவில்லை. அதனால் ஐந்து பேர் கதையை ஆஷ், லிண்டா என்று இரண்டே பேராகச் சுருக்கி, படத்தின் தொடக்கத்திலேயே சில நிமிடங்களில் திரும்ப எடுத்துவிட்டார். நமக்கும் இது புதிதில்லை. 1993-இல் மலையாளத்தில் வந்த ‘மணிச்சித்ரதாழ்’ கன்னடம் போய், 2005-இல் ‘சந்திரமுகி’யாகச் சென்னைக்கு வந்தது. அண்ணா சாலை சாந்தி தியேட்டரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. பார்த்தவர்கள் யாரும் ஒரிஜினலுக்குத் துரோகம் என்று எழுந்துபோகவில்லை. புதிய படம் தன் பயத்தை மனசார நம்பி எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் எனக்கு அளவுகோல். அந்த அளவுகோலில் 2013 படம் தேறுகிறது.

2023-க்கு வருவோம். சென்னைக்காரருக்கு மூன்றில் மிக அருகில் இருக்கும் படம் இதுதான். காட்டுக்குள் மரவீடு நமக்குக் கதையில் வரும் இடம். விடுமுறைக்கு ஐந்து பேர் பாழடைந்த வீட்டுக்குப் போவது நம் வழக்கமில்லை. க்ரோனினின் படம் லாஸ் ஏஞ்சலஸில், இடிக்கப்போகிற ஒரு பழைய அபார்ட்மென்ட்டில் நடக்கிறது. நிலநடுக்கத்தில் கார் பார்க்கிங் தரை பிளந்து, கீழே பழைய வங்கிப் பெட்டக அறை தெரிகிறது. மகன் அங்கிருந்து மந்திரப் புத்தகத்தையும் சில இசைத்தட்டுகளையும் எடுத்துவருகிறான். லிஃப்டுக்குள் போன அம்மா எல்லி, வேறு ஒன்றாகத் திரும்பி வருகிறாள். அடுப்படியில் நின்று முட்டையை ஓட்டோடு வாணலியில் உடைத்து ஊற்றுகிறாள். மூன்று பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தினமும் சாப்பாடு போடும் கை அது.

இதைவிட ஒரு காட்சி. பிள்ளைகளும் சித்தியும் உள்ளே இருந்து கதவைப் பூட்டிவிடுகிறார்கள். அம்மா வெளியே. நடைபாதையில் நடப்பது முழுவதையும் கதவில் இருக்கும் சின்ன லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறோம். வளைந்த வட்டத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருகிறார்கள், வட்டத்தை விட்டு வெளியே இழுக்கப்படுகிறார்கள், சத்தம் மட்டும் கேட்கிறது. காலிங் பெல் அடித்ததும் அந்த லென்ஸில் கண்ணை வைக்கிற வழக்கம் உள்ளவர்கள், படம் பார்த்த சில நாட்களுக்கு யோசித்துத்தான் வைப்பார்கள். இரண்டாம் பாதியில் படம் சற்றுத் தடம் மாறி, ரத்தத்தை லிட்டர் கணக்கில் கொட்டுவதில் இறங்கிவிடுகிறது. கேரட் துருவியை ஆயுதமாக்கியதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்த முட்டையே போதும்.

எதைப் பார்ப்பது என்பது, எங்கே பார்க்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. அக்கா மகன் கல்லூரி நண்பர்களோடு மொட்டை மாடியில் புரொஜெக்டர் போட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னபோது, கொஞ்சமும் யோசிக்காமல் 1981 என்றேன். “மாமா, பழசுன்னு அவங்க ஒத்துக்க மாட்டாங்க” என்றான். மாடியின் நிலைமையை யோசித்துப் பார் என்றேன். சென்னையில் எந்த மொட்டை மாடியிலும் முழு இருட்டு கிடையாது. தெருவிளக்கு, எதிர் வீட்டு பால்கனி விளக்கு, தூரத்து விளம்பரப் பலகை எல்லாம் சேர்ந்து சுவரை வெளுக்கும். 2013 படம் சாம்பலும் கருமையுமாக எடுக்கப்பட்டது. அந்தச் சுவரில் பாதிப் படம் காணாமல் போய்விடும். பழைய படத்தில் வெளிச்சம் கூர்மையானது. முகத்தில் பளிச்சென்று விழும், பின்னால் கும்மிருட்டு. படமும் கிட்டத்தட்டச் சதுரம், எந்தச் சுவரிலும் அடங்கும். நாலு தெரு தள்ளி நாய் குரைத்தால்கூட அந்தப் படத்தோடு சேர்ந்துகொள்ளும். முக்கியமாக, பத்துப் பேர் சேர்ந்து கத்தவும் சிரிக்கவும் இடம் கொடுக்கும் படம் அது.

வீட்டுக்குள், கதவு ஜன்னல் சாத்தி, இரண்டு மூன்று பேராக என்றால் ‘ரைஸ்’. ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு அதை அங்கேயே பார்ப்பதுதான் முறை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். அவர்கள் தூங்கிய பிறகும் வேண்டாம் என்பேன். பாதி ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து ஹாலுக்கு வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

2013 படத்தை முதல் படமாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ரீபூட் மட்டம் என்பதால் இல்லை. அதன் பெரிய கெட்டிக்காரத்தனமே, 1981-ஐப் பார்த்தவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று தெரிந்து வைத்திருப்பதுதான். நிலவறைக் கதவு, சங்கிலி, ரம்பம், கை என்று ஒவ்வொன்றும் வரும்போது, இது இன்னாருக்கு நடக்கும் என்று மனசு கணக்குப் போடும். படம் அந்தக் கணக்கை ஒவ்வொன்றாகக் கலைக்கும். யார் பிழைப்பார்கள் என்பதில் அது செய்யும் வேலையை இங்கே சொல்லப்போவதில்லை. பழைய படம் தெரியாதவருக்கு அது வெறும் திருப்பம். தெரிந்தவருக்கு, இத்தனை வருடம் நாம் யாரை நாயகன் என்று நினைத்திருந்தோம் என்பதையே திரும்பிப் பார்க்கவைக்கும். அதனால் முதல் படம் முடிந்து ஒரு வாரமாவது ஆன பிறகு, இருட்டான அறையில், நல்ல ஸ்பீக்கரோடு.

மொழி பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். பேய்ப்படத்தில் சப்-டைட்டிலுக்கு ஒரு விலை உண்டு. கண் கீழே எழுத்தில் இருக்கும் நேரத்தில், மூலையில் நகர்ந்த நிழல் தப்பிப்போகும். டப்பிங்கில் வேறு நஷ்டம்: பேய் பிடித்தபின் அதே நடிகையின் தொண்டையிலிருந்து வரும் குரல்தான் பாதிப் பயம். இந்த விஷயத்திலும் 1981 படத்துக்கே சௌகரியம் அதிகம். வசனம் குறைவு, அதிலும் பாதி அலறல். ஆங்கிலம் தடுமாறுபவர்கள்கூட எழுத்து போடாமல் பார்த்துவிடலாம். ‘ரைஸ்’ படத்தில் அம்மாவும் பிள்ளைகளும் பேசுவது புரிந்தாக வேண்டும். அதற்கு சப்-டைட்டில் போடுங்கள், டப்பிங் வேண்டாம்.

இந்த வரிசையில் அடுத்த படம் எது வந்தாலும் தியேட்டரில் பார்ப்பேன். ஆனால் நம் ஊர் இடைவேளை இந்த வகைப் படத்துக்கு எமன். ஒன்றரை மணி நேரம் ஒரே வீட்டுக்குள் அடைத்து வைப்பதற்காக எழுதப்பட்ட கதை. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் விளக்கைப் போட்டு, பாப்கார்ன் விற்று, ரெண்டு விளம்பரமும் காட்டினால், அத்தனை நேரம் கட்டிய பயம் கேன்டீனிலேயே தங்கிவிடும். தியேட்டர்காரர்களுக்கு வியாபாரம் முக்கியம், புரிகிறது. நூறு நிமிடத்துக்குக் குறைவான படங்களுக்காவது இடைவெளி இல்லாமல் ஓட்டக்கூடாதா? ஆங்கிலப் படங்களுக்கு வரும் கூட்டம் அதற்கு மனமுவந்து சம்மதிக்கும். இடைவேளை வந்தே தீரும் என்றால், எழுந்து போகாமல் இருக்கையிலேயே இருங்கள். போனை எடுக்காதீர்கள்.

1987 படத்தை எங்கே வைப்பது என்று கேட்டால், 2013-க்குப் பிறகு. பயமும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்த படம் அது. முதலிலேயே பார்த்துவிட்டால் மற்ற மூன்றும் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று தோன்றும். ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் நண்பர் யாராவது கூட இருந்தால் அவருக்கும் 1987-தான் ஒத்துப்போகும்; அதில் ரத்தம் பச்சை, கறுப்பு என்று பல நிறத்தில் வருவதால் அவ்வளவாகக் குமட்டாது.